ஆன்லைன் செய்தியில் அறம் எங்கே வழுக்குகிறது? டெஸ்க்கில் இருந்து ஒரு பதில்

கேட்டவர் இதழியல் இறுதியாண்டு மாணவி. ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் இரண்டு மாதம் பயிற்சி முடித்துவிட்டு வந்து கேட்கிறார்: "வகுப்பில் உண்மை, நடுநிலை, தனியுரிமை என்று பாடம் எடுக்கிறார்கள். அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் பார்க்கவே இல்லை. ஆன்லைன் செய்தியில் அறம் சார்ந்த சிக்கல் என்றால் நிஜத்தில் எது? அதையெல்லாம் கடைப்பிடித்துக்கொண்டு வேலையிலும் நீடிக்க முடியுமா?"

முடியும். தமிழ் இணையச் செய்தி டெஸ்க்குகளில், அதாவது செய்தியை எழுதித் திருத்தி வெளியிடும் பிரிவில், பத்து வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் நைட் ஷிஃப்ட். உங்கள் அலுவலகத்தில் யாரும் அறம் பற்றிப் பேசாததைப் பார்த்து அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் அது மேசைக்கு வருவதே கிடையாது. "தலைப்புல 'அதிர்ச்சி' போடவா?", "இந்தப் படம் எங்க எடுத்தது?", "அந்த சைட்ல நாலு பேர்னு இருக்கே, நாமளும் மாத்திடலாமா?" என்று அரை நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளாகத்தான் வரும். ஒரு ஷிஃப்ட்டில் இப்படி நாற்பது ஐம்பது. ஒவ்வொரு முறையும் அந்தச் செய்திக்குள் இருக்கும் ஆள் யார், இதனால் அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசிக்கிறோமா, இல்லையா? என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதுதான். படிக்கிறவரைப் பற்றி அலுவலகமே கவலைப்படும். எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த ஊர், எத்தனை விநாடி நின்றார்கள் என்று சுவரில் ஒரு திரையே ஓடிக்கொண்டிருக்கும். செய்திக்குள் இருப்பவருக்காகப் பேச அங்கே யாரும் இல்லை, அவர் செய்தியை எழுதும் உங்களைத் தவிர.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில், நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. மாவட்ட ஸ்ட்ரிங்கர்கள் (பகுதிநேர நிருபர்கள்) இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது "2 டெத், 1 சீரியஸ்". நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தளம் மூன்று பேர் பலி என்று பெயர்களோடு போட்டுவிட்டது. ஸ்ட்ரிங்கருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்று என்றே போட்டேன். மூன்று பெயரையும் போட்டேன். நோட்டிஃபிகேஷனும் அனுப்பினேன். காலை ஆறரைக்கு அலுவலக லேண்ட்லைனில் ஒருவர் கூப்பிட்டார். "சார், எங்க அண்ணன் ஐசியூல உசுரோட இருக்கான். ஊர்ல பந்தல் போட ஆரம்பிச்சிட்டாங்க. எங்கம்மாகிட்ட யாரோ போன்ல காட்டிட்டாங்க. அந்தப் பேரை மட்டும் எடுத்துருங்க சார்." அவர் திட்டவே இல்லை, கெஞ்சினார். திட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

பெயரை எடுத்தேன், 'மூன்று' என்பதை 'இரண்டு' ஆக்கினேன், அப்டேட் பட்டனை அழுத்தினேன். பத்து விநாடி வேலை. பக்கத்தில் எந்தக் குறிப்பும் கிடையாது. முன்பு தவறாகப் போட்டோம் என்பதற்கான தடயமே இல்லை. ஏற்கெனவே படித்துவிட்டுப் போனவர்களுக்கு விஷயம் தெரிய வழியில்லை, போன நோட்டிஃபிகேஷனைத் திரும்பக் கூப்பிட முடியாது. எங்களிடமிருந்து எடுத்துப் போட்டிருந்த நான்கு தளங்களுக்கு நானே மெயில் அனுப்பினேன். இரண்டு தளங்கள் மாற்றின. மற்ற இரண்டிலும் சில மாதம் கழித்துத் தேடிப் பார்த்தபோதும் அந்த மனிதர் இறந்தவராகவே இருந்தார்.

அச்சுப் பத்திரிகையில் தவறு வந்தால் அதை அழிக்க முடியாது, அதனாலேயே மறுநாள் 'திருத்தம்' என்று ஒரு கட்டம் போட வேண்டியிருந்தது. ஆன்லைனில் சத்தமில்லாமல் அழித்துவிட முடியும் என்பது நமக்கு வசதி. அந்த வசதிதான் பழக்கத்தைக் கெடுத்தது. எப்படியும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் உறுதி செய்யாமலே போடும் தைரியம் வருகிறது, மாற்றும்போது சொல்ல வேண்டியதில்லை என்பதால் அடுத்த முறையும் அதே தைரியம்.

முந்திக்கொள்ளும் அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு மாலை உண்டு. 2016 டிசம்பர் 5. முதலமைச்சர் ஜெயலலிதா அப்போலோவில் இருக்கிறார். சாயங்காலம் ஐந்தரை மணியை ஒட்டி சில தமிழ் சேனல்கள் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி ஓட்டின, இணையத்தில் அது சில நிமிடங்களில் பரவியது. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, சேனல்கள் பின்வாங்கின, கொடி மறுபடி மேலே ஏறியது. இரவு 11.30-க்கு அவர் இறந்ததாக நள்ளிரவுக்குப் பிறகு அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். "கடைசியில் உண்மைதானே ஆச்சு" என்று அன்றைக்கு டெஸ்க்கில் இருந்த சிலர் சொன்னதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே மாநிலம் முழுக்க மக்கள் சாலையில் இருந்தார்கள், பஸ்ஸில் இருந்தார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வராத பிள்ளைக்காக வாசலில் நின்றார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குப் பொறுப்பு யாருடையது? பிறகு உண்மையாகிவிட்டது என்பதற்காக, உறுதி செய்யாமல் போட்டது சரியாகிவிடாது.

அதனால் என் முதல் யோசனை: மரணச் செய்திக்கு குடும்பம், மருத்துவமனை, காவல்துறை, அரசு இவற்றில் ஒன்றாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு தளம் சொல்வது ஆதாரம் ஆகாது. ஐந்து தளங்கள் சொன்னாலும் ஆகாது, ஏனென்றால் அந்த ஐந்தில் நாலு முதலாவதைப் பார்த்து எழுதியதாக இருக்கும். பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருந்தால் அந்தப் பிழையும் ஐந்திலும் ஒரே மாதிரி இருக்கும், பாருங்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். மாணவர்கள் 'கிளிக்பைட்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. "இந்த ஒரு காய் போதும், யார் சாப்பிடக் கூடாது தெரியுமா?" என்பது எரிச்சல், அவ்வளவுதான். ஆளைக் கொல்லும் தலைப்பு வேறு. "மாணவி மரணத்துக்கு இதுதான் காரணமா?" என்று கேள்விக்குறி போட்டுவிட்டு, உள்ளே "என்று கூறப்படுகிறது, தெரிகிறது, பேசப்படுகிறது" என்று நான்கு வரி. யார் கூறினார்கள்? யாருக்குத் தெரிகிறது? செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஆளே இல்லை. கேள்வியாகத்தானே கேட்டோம் என்று தப்பித்துக்கொள்ள நினைக்கிறோம், படிக்கிறவர் அதைப் பதிலாகத்தான் எடுத்துக்கொள்கிறார். நான் ஜூனியர்களிடம் சொல்வது, 'கூறப்படுகிறது' என்று அடிக்கும்போது நிறுத்தி, 'யார்' என்பதை அந்த இடத்தில் எழுதிப் பாருங்கள். 'காவல் ஆய்வாளர் சொன்னார்' என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் அந்த வரியே செய்தியில் இருக்கத் தேவையில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று மொழிபெயர்ப்பில் நடக்கிறது. ஆங்கிலச் செய்தி ஏஜென்சி அனுப்பும் காப்பியில் 'அலெஜ்ட்லி' (செய்ததாகச் சொல்லப்படுகிறது, இன்னும் நிரூபணமாகவில்லை) என்று ஒரு சொல் வரிக்கு வரி வரும், நமக்கே சலிப்பாக இருக்கும். தமிழுக்கு வரும்போது முதலில் காணாமல் போவது அதுதான். "பணம் மோசடி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்" என்பது "பணம் மோசடி செய்தவர்" ஆகிவிடும், தலைப்பில் இடம் இல்லை என்பதால் "மோசடி மன்னன்" ஆகிவிடும். கைது ஆன அன்றே 'குற்றவாளி' என்று எழுதுவதும் அப்படித்தான். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டது நினைவிருக்கும். கைது நடக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் பேஸ்புக்கில் கொலையாளியின் மதம் வரை முடிவு செய்து எழுதினார்கள், அது முற்றிலும் பொய் என்று பிறகு தெரிந்தது. ஜூலை தொடக்கத்தில் ஒரு இளைஞர் கைதானார். செப்டம்பர் 18-ஆம் தேதி அவர் புழல் சிறையில் இறந்துபோனார். அதாவது நீதிமன்ற விசாரணையே நடக்கவில்லை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குத் தேடினாலும் அவர் பெயருக்கு முன்னால் 'கொலையாளி' என்று போட்ட பக்கங்கள் எத்தனையோ கிடைக்கும். அவர் செய்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, எழுதியவர்களுக்கும் தெரியாது. 'கைது செய்யப்பட்டவர்' என்று இரண்டு சொல் எழுதினால் போதுமாயிருந்தது. அதே செய்திகளில் 'ஒருதலைக் காதல்' என்று எழுதியதையும் பாருங்கள். ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு அந்தப் பெயர் வைத்தால் அதில் பாதிக் குற்றம் கரைந்துவிடுகிறது. 'கள்ளக்காதல்' என்ற சொல்லும் அதே ரகம், கொலையானவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிற சொல். தமிழ்ச் செய்திகளில் இது இன்னும் போகவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பாலியல் வன்முறைச் செய்திகளில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. குழந்தைகள் என்றால் போக்சோ 23-ஆவது பிரிவு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவனுக்கும் பாதுகாப்பு உண்டு, சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், பெயரை மறைத்தாலும் ஆளை ஊகிக்க முடிகிற எந்த விவரமும் வரக் கூடாது, இறந்துவிட்டாலும் கூடாது என்றது. ஆன்லைனில் சிக்குவது இந்த இடத்தில்தான். நாம் பெயர் போடுவதில்லை. "இந்த ஊராட்சியைச் சேர்ந்த, இந்த வேலை பார்ப்பவரின் இரண்டாவது மகள், இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு" என்று போடுகிறோம். அந்த ஊரில் அப்படி ஒரே ஒரு பெண்தான் இருப்பாள். நாம் ஊரை மட்டும் போட்டு, இன்னொரு தளம் பள்ளியை மட்டும் போட்டு, யூடியூப் சேனல் ஒன்று வீட்டு வாசலில் மைக்கை நீட்டி அப்பாவின் முகத்தை மட்டும் மங்கலாக்கிக் குரலை அப்படியே விட்டால், மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் கீழே கருத்துப் பெட்டியில் யாராவது பெயரை எழுதிவிடுவார்கள், அதையும் பார்த்து நீக்குவது நம் வேலை, "அது வாசகர் எழுதியது" என்று சொல்லி ஒதுங்க முடியாது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமையில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்கள் அதில் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த எஃப்.ஐ.ஆரின் வாசகத்தை எடுத்து அப்படியே கட்டுரையாக்கும் ஆசை அன்று எத்தனை டெஸ்க்குகளில் எழுந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதில் இருந்த நடையே அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது போல இருந்தது என்று பலரும் கொதித்தார்கள். ஆவணம் பொதுவெளியில் கிடைக்கிறது என்பதால் அதைப் போட நமக்கு உரிமை வந்துவிடாது. அதே வழக்கில் எஃப்.ஐ.ஆரைப் பார்த்த செய்தியாளர்களின் செல்போன்களை விசாரணைக் குழு பறித்தது, அவற்றைத் திருப்பித் தரும்படி 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கசிந்ததைப் பார்த்து, கசிவு எப்படி நடந்தது என்று கேள்வி கேட்பது செய்தியாளர் வேலை. பார்த்ததையெல்லாம் பரப்புவது அந்த வேலைக்குள் வராது.

தற்கொலைச் செய்தியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் நாம் எழுதும் விதத்தால் உயிர் போகும், உயிர் பிழைக்கும் என்று கண்கூடாகத் தெரிந்த இடம் இது. வியன்னா நகரச் சுரங்க ரயில் நிலையங்களில் 1980-களில் தற்கொலைகள் பெருகியபோது, பத்திரிகைகள் அவற்றைப் படத்தோடு பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தன. 1987-ல் அங்கே வழிகாட்டுதல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், பத்திரிகைகளும் கேட்டுக்கொண்டன, அந்த ஆண்டின் பிற்பாதியிலேயே எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. இந்தியப் பிரஸ் கவுன்சிலும் 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி விதிகளைச் சொன்னது: முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்புத் தலைப்பு வேண்டாம், படமும் வீடியோவும் வேண்டாம், திரும்பத் திரும்பப் போடாதே. நாம் என்ன செய்கிறோம்? தலைப்பிலேயே எப்படி என்று சொல்லிவிட்டு, கடைசி வரியில் உதவி எண் 104-க்கு அழையுங்கள் என்று போடுகிறோம். கடைசி வரி வரை யார் படிக்கிறார்கள்? தேர்வு பயத்தில் இறந்த பிள்ளையின் கடிதத்தை முழுசாகப் படமெடுத்துப் போடுகிறோம், அதே பயத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைத் தன் கடிதமாகப் படிக்கும் என்று நினைப்பதில்லை. இன்னொன்று, பெரும்பாலும் யார் கண்ணிலும் படாதது: செய்தியின் கீழே 'தொடர்புடைய செய்திகள்' என்று தானாக ஒரு வரிசை வரும். தற்கொலைச் செய்திக்குக் கீழே அந்த மென்பொருள் இன்னும் ஆறு தற்கொலைச் செய்திகளை அடுக்கும். அதை எந்த உதவி ஆசிரியரும் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் இருந்த ஓர் இடத்தில் அந்த வரிசையை இந்த வகைச் செய்திகளுக்கு மட்டும் நிறுத்தும்படி தொழில்நுட்பக் குழுவிடம் கேட்டோம். அரை நாள் வேலைதான், செய்துகொடுத்தார்கள். உதவி எண்ணையும், 104, 14416 இரண்டையும், முதல் பத்திக்குக் கீழேயே வைத்தோம். யாரும் எதிர்க்கவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போலி வீடியோ, போலிச் செய்தி பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள், நான் இவ்வளவு தள்ளிச் சொல்கிறேன், காரணம் அதில் என்ன செய்ய வேண்டும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். 2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வட இந்தியா முழுக்கப் பரவியது. பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பிகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்க வேண்டியிருந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம் ரயில் நிலையத்தில் நின்றால், உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று தலைப்பு. மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் போட்ட வீடியோ ஒன்று பாட்னாவில் நடிக்க வைத்து எடுக்கப்பட்டது என்று பிகார் போலீசே சொன்னது. பெரிய பத்திரிகைகளின் இணையப் பக்கங்களும் உறுதி செய்யாமல் எழுதின. இதில் எனக்கு உறுத்துவது, அந்த எழுத்தாளர்களில் ஒருவராவது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கோ, ஒரு காவல் நிலையத்துக்கோ போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இங்கே பயந்துபோய் அறைக்குள் பூட்டிக்கொண்டிருந்த பையன்கள் நிஜம், ஊரிலிருந்து அழுதுகொண்டு போன் செய்த அம்மாக்கள் நிஜம், அவர்களைப் பயமுறுத்திய செய்தி மட்டும் பொய்.

தமிழில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு: நியூஸ் கார்டு. சேனல் லோகோ, ஒரு தலைவரின் படம், கீழே அவர் சொன்னதாக ஒரு வரி. போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும், எழுத்துரு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். நாமும் இதற்கு உடந்தை என்றுதான் சொல்வேன். இணைப்பு இல்லாமல், முழுப் பேச்சு இல்லாமல், ஒரு வரியைப் படமாக்கிச் சுற்றில் விடும் பழக்கத்தை நிஜ ஊடகங்களே வாசகருக்கு ஏற்படுத்தியதால்தான் போலி கார்டும் நிஜம் போலத் தெரிகிறது. கார்டு போட்டால் தேதியும், எங்கே பேசியது என்பதும், முழுச் செய்திக்கு வழியும் அதிலேயே இருக்கட்டும்.

பணம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காசு வாங்கிக்கொண்டு போட்டது என்றால் தலைப்புக்கு மேலேயே தமிழில் 'விளம்பரம்' என்று இருக்க வேண்டும். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு நாகரிகப் பெயர் போட்டு வைத்தால் அது ஏமாற்று. நகை, நிலம், முதலீடு சம்பந்தப்பட்டதில் இது இரட்டிப்பு முக்கியம், அதை நம்பிப் பணம் போடுகிறவர் நம் வாசகர். ஏஐ பற்றியும் சுருக்கமாக: மொழிபெயர்க்கப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் பெயர், எண், 'குற்றம் சாட்டப்பட்ட' என்ற சொல், இந்த மூன்றையும் மூலத்தோடு வைத்துக் கையால் சரிபாருங்கள். நடக்காத ஒன்றுக்கு ஏஐ படம் செய்து செய்தியோடு போடாதீர்கள், கீழே சின்னதாகக் குறிப்பு எழுதினாலும் கூடாது. படம் வெட்டப்பட்டு வாட்ஸ்அப்புக்குப் போகும், குறிப்பு கூடவே போகாது.

பழைய செய்திகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கைது ஆன அன்று செய்தி, ஆறு வருடம் கழித்து விடுதலை ஆனபோது செய்தி இல்லை. பெயரைத் தேடினால் கைது மட்டும்தான் வரும், அந்த மனிதர் வேலைக்குப் போனாலும் பெண் பார்க்கப் போனாலும் அதுதான் முதலில் வரும். விடுதலையான ஒருவர் தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. சட்டம் எந்தப் பக்கம் முடிந்தாலும், நம் கையில் இருப்பது எளிது. செய்தியை அழிக்கச் சொல்லவில்லை, ஆவணத்தை அழிப்பதில் எனக்கு உடன்பாடும் இல்லை. யாராவது விடுதலைத் தீர்ப்போடு வந்தால் பழைய செய்தியின் மேலேயே "இந்த வழக்கில் இவர் விடுதலை செய்யப்பட்டார்" என்று தேதியோடு ஒரு வரி சேர்க்கலாம். தலைப்பிலும் சேர்க்கலாம்.

இதையெல்லாம் யார் கண்காணிப்பது என்று கேட்பீர்கள். பிரஸ் கவுன்சிலின் அதிகாரம் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சுப் பத்திரிகைகள், செய்தி ஏஜென்சிகளோடு முடிகிறது. 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் டிஜிட்டல் ஊடகங்களுக்கு நெறிமுறையும், புகாரை 15 நாளில் தீர்க்கும் குறைதீர் அலுவலரும் வேண்டும் என்றன. நெறிமுறையைக் கட்டாயமாக்கும் பிரிவுக்கு அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது, அது நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. அரசு கையில் கடிவாளம் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம்: 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் மொத்தமும் முடக்கப்பட்டது, மார்ச்சில் உயர் நீதிமன்றம் போய்த்தான் திறந்தது. அதனால் மேலிருந்து ஒருவர் வந்து நம்மை ஒழுங்குபடுத்துவார் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. டெஸ்க்கிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான்.

நீடிக்க முடியுமா என்று கேட்டீர்களே. சண்டை போட்டு நீடிக்க முடியாது, நான் முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறேன். மாற்றுத் தலைப்போடு போனால் நடக்கும். "இந்தத் தலைப்பு வேண்டாம் சார்" என்றால் எடிட்டருக்கு அந்த நேரத்தில் எரிச்சல்தான் வரும். "இதுக்குப் பதிலா இது போடலாமா சார், இதுலயும் ஊர் பேரு வருது, தேடுறவங்களுக்குக் கிடைக்கும்" என்று கையோடு இன்னொன்றை நீட்டினால் பத்துக்கு ஆறு தடவை ஒத்துக்கொள்வார். பெயரை எடுக்கச் சொல்லும்போது சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள், உடனே கேட்பார்கள். மரணச் செய்தியில் உறுதியாகவில்லை என்றால் "நாம போன் பண்ணிக் கேட்டுட்டு இருக்கோம்" என்று சொல்லி ஐந்து நிமிடம் வாங்குங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் நிஜமாகவே போன் பண்ணுங்கள்.

அப்புறம் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று கேளுங்கள்: நம் தளத்தில் திருத்தம் எப்படிப் போடுவோம்? பெரும்பாலும் பதில் இருக்காது. அப்போது ஒரு மாதிரியை நீங்களே எழுதிக் காட்டுங்கள். "திருத்தம்: இந்தச் செய்தியில் மூன்று பேர் இறந்ததாக இரவு 12.20-க்குத் தவறாக வெளியிட்டிருந்தோம். இறந்தவர்கள் இருவர். மூன்றாமவர் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். அவர் குடும்பத்தினரிடம் வருந்துகிறோம். காலை 6.40." செய்தியின் தலையில், எழுத்து சிறுக்காமல். முதலில் நோட்டிஃபிகேஷன் போயிருந்தால் திருத்தத்துக்கும் நோட்டிஃபிகேஷன் போக வேண்டும், தவறு போன அதே போன்களுக்கு. அன்று காலை ஆறரைக்குப் போன் வந்தபோது இதை நான் செய்திருந்தால், பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையிலாவது அந்த போன் இருந்திருக்கும்.